லண்டன் ஹவுஸ் என்னும் நேப்பிள்ஸ் கடை

"நேப்பிள்ஸைப் பார்த்துவிட்டுச் சாகலாம்" என்று இத்தாலியர்கள் சொல்வதுண்டு. வில்லைப் போல் வளைந்து கிடக்கும் குடாக்கடலையும், 1944-ஆம் ஆண்டில் கடைசியாகக் கனல் கக்கி அடங்கிய வெசூவியஸ் மலையையும் ஒருங்கே காண்பவர்களுக்கு அந்தப் பழமொழி மிகையாகத் தோன்றாது. ஆயினும் இன்று நாம் வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புவது எரிமலைக்கும் அன்று. அதன் சாம்பலில் புதையுண்டு கிடந்த பாம்பேய் பட்டணத்துக்கும் அன்று. அந்நகரிலுள்ள ஒரு தையற்கடைக்கு அழைத்துச் செல்கிறோம்.

தையற்கடையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு ஜன சமூகம் பிறரைப் பார்த்து உடுத்துவதிலிருந்து தனக்கென்று உடுத்துவதற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், அதற்கு இக்கடையைக் காட்டிலும் தக்க இடம் ஐரோப்பாவில் அதிகம் இராது. அந்நிய உடையைப் பற்றி நாமும் ஒரு காலத்தில் வெகுவாக யோசித்தவர்கள். ஆகையால் நேப்பிள்ஸ் தையற்காரர்களின் கதை நமக்குச் சம்பந்தமற்ற கதை அன்று.

கடற்கரையை ஒட்டிச் செல்லும் ரிவியெரா தி கியாயா என்ற வீதியிலிருந்து புறப்படுவோம். அவ்வீதி பியாட்ஸா வித்தோரியா என்னும் சதுக்கத்தை அடையுமிடத்தில் ஒரு சின்னஞ்சிறு கடை இருக்கிறது. 1914-ஆம் ஆண்டில் எவ்ஜெனியோ மரினெல்லா என்பவர் திறந்த டைக் கடை அது. பரப்பு சுமார் இருபது சதுர மீட்டர். நம் வீட்டுக் கூடங்களில் பல அதைவிடப் பெரியவை. அவருடைய பேரர் மௌரீட்சியோ மரினெல்லா அதிகாலை ஆறரை மணிக்கே கடையைத் திறந்து, வருகிறவர்களை நின்று வரவேற்பதில் பெயர் பெற்றவர். அரசர்களும் ஜனாதிபதிகளும் கட்டிக்கொண்ட டைகள் அந்தச் சிறு கடையிலிருந்து போயிருக்கின்றன. இடத்தைப் பெருக்காமலே பெருமையைப் பெருக்குவது இந்நகர வியாபாரக் குடும்பங்களின் இயல்பு என்பதற்கு இது முதல் அடையாளம்.

அங்கிருந்து உள்ளே நடந்தால் தியாகிகள் சதுக்கம் வருகிறது. நடுவில் உயர்ந்த ஒரு தூண். அதன் அடியில் நான்கு கற்சிங்கங்கள். போர்போன் அரச வமிசத்தின் கொடுங்கோன்மையை எதிர்த்து 1799, 1820, 1848, 1860 ஆகிய ஆண்டுகளில் நடந்த நான்கு கிளர்ச்சிகளில் உயிர் நீத்தவர்களுக்காக அந்தச் சிங்கங்கள் காவல் இருக்கின்றன. சுதந்திரத்தின் விலையை அறிந்த ஜனங்கள் இவர்கள் என்பதை எண்ணி நாம் ஒரு நிமிஷம் அங்கே நிற்கலாம்.

அந்தச் சதுக்கத்துக்கு அருகிலேயே பிலாஞ்சியேரி வீதி இருக்கிறது. 1932-ஆம் ஆண்டில் அவ்வீதியில் ஒரு கடை திறக்கப்பட்டது. திறந்தவர் நேப்பிள்ஸ்காரர். தைத்தவர்கள் நேப்பிள்ஸ்காரர்கள். வாங்க வந்தவர்களும் பெரும்பாலும் நேப்பிள்ஸ்காரர்களே. ஆனால் கடைக்கு வைத்த பெயரோ "லண்டன் ஹவுஸ்".

இந்தப் பெயரின் காரணத்தை அறிய வேண்டுமானால் நகரத்தின் பழைய நிலையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1861-ஆம் ஆண்டில் இத்தாலி ஒரே ராஜ்யமாகும் வரையில் நேப்பிள்ஸ் ஒரு தனி ராஜ்யத்தின் தலைநகரம். அரண்மனையும், கொலு மண்டபமும், பிரபுக்களும், அப்பிரபுக்களுக்கு உடை தைக்கும் தையற்காரர்களும் அங்கே நிறைந்திருந்தார்கள். ராஜ்யம் ஒன்றானபின் கொலு போயிற்று. தலைநகர் என்னும் அந்தஸ்தும் போயிற்று. ஆனால் பிரபுக்கள் மிஞ்சினார்கள். வழக்கறிஞர்களும் வைத்தியர்களும் பெருகினார்கள். தையற்காரர்களும் எங்கும் போய்விடவில்லை. அதிகாரம் போன ஊரில் கௌரவத்தைக் காட்டிக்கொள்ள எஞ்சியிருந்த சாதனங்களில் உடையே முக்கியமானது என்று சொன்னால் தவறாகாது.

உடையில் கௌரவம் எனில் அந்நாளில் ஐரோப்பா முழுவதும் ஒரே பொருள்தான். லண்டனில் சேவில் ரோ என்ற வீதியில் எப்படித் தைக்கிறார்களோ, அப்படித் தைத்திருக்க வேண்டும். ஆங்கிலேயருக்குத் தொழிற்சாலையும் கப்பலும் சாம்ராஜ்யமும் இருந்தன. அவர்களுடைய கோட்டின் மடிப்பும் அவற்றோடு சேர்ந்து உலகத்தை ஆண்டது. துணி யார்க்‌ஷயரிலிருந்து வந்தது, ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. வெட்டும் முறையும் அங்கிருந்தே வந்தது. லண்டன் என்ற பெயரைப் பலகையில் எழுதினாலே பாதி வியாபாரம் முடிந்தது.

கடையைத் திறந்தவரின் பெயர் ஜென்னாரோ ருபினாச்சி. அவர் ஊசி பிடித்துத் தைக்கும் தொழிலாளர் அல்லர். நல்ல உடை இன்னதென்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் ரசிகர். இந்தத் துணிக்கு இந்தப் பொத்தான், இந்த உடம்புக்கு இந்த நிறம் என்று நண்பர்கள் அவரிடம் யோசனை கேட்பது வழக்கமாக இருந்தது. அந்த யோசனைக்கு ஒரு கடை வேண்டியிருந்தது; அதுவே லண்டன் ஹவுஸ். ஆங்கிலக் கனவான் எவ்வாறு உடுத்துவானோ அவ்வாறே நேப்பிள்ஸ் கனவான்களையும் உடுத்தச் செய்வது அதன் நோக்கம்.

ரசிகருக்கு ஒரு கைகாரர் வேண்டுமல்லவா? துணி வெட்டும் தலைமைத் தையற்காரராக அக்கடையில் அமர்ந்தவர் வின்சென்ட்ஸோ அத்தோலினி. இவ்விருவரும் சேர்ந்து ஆங்கிலக் கோட்டைத் தைக்கத் தொடங்கினார்கள். தைத்து முடித்தபோது அது ஆங்கிலக் கோட்டாக இல்லை. எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அக்காலத்து ஆங்கிலக் கோட்டு போர்ச் சேவகரின் சட்டையிலிருந்து வந்தது என்பது அதன் உள்ளே பார்த்தால் தெரியும். தோளை நிமிர்த்திக் காட்டப் பஞ்சுத் திண்டு. மார்பை எடுப்பாகக் காட்ட விறைப்பான கான்வாஸ். குதிரை மயிர் கலந்து நெய்த அடிச் சீலை. இவ்வளவையும் மறைக்க முழுவதும் உட்துணி. மேல் துணியோ கஜத்துக்குப் பதினாறு, பதினெட்டு அவுன்ஸ் எடை. மூடுபனியிலும் மழையிலும் நடக்கிறவனுக்கு இது நல்ல கவசம். ஆனால் நேப்பிள்ஸ் வெயிலில், ஜூலை மாதத்து நடுப்பகலில், இதை மாட்டிக்கொண்டு கடற்கரையில் உலாவுகிறவனின் கதி என்ன? வெப்ப தேசத்தில் வாழும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அத்தோலினி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்தக் கவசத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தோளின் திண்டை எடுத்தார். கான்வாஸை மெல்லியதாக்கினார். உட்துணியில் பெரும்பகுதியை நீக்கினார். கவசம் நீங்கிய பின் துணி தானாகவே உடம்பின்மேல் தொங்க வேண்டும்; அங்கே குற்றம் இருந்தால் மறைக்க எதுவும் இல்லை. ஆகையால் வெட்டு மிக நுட்பமாக இருக்க வேண்டியதாயிற்று. விறைப்புக்குள் ஒளிந்திருந்த சாமர்த்தியம் முழுவதும் வெளியே வந்து நின்றது.

தோளைச் சொல்வோம். சட்டையின் கையை எப்படிச் சேர்க்கிறோமோ அப்படியே கோட்டின் கையையும் சேர்த்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயரே "சட்டைத் தோள்" என்பது. கைக்குழியைச் சிறியதாக, அக்குளுக்கு நெருக்கமாக வெட்டுவார்கள். கையின் மேல்பாகத்தை அக்குழியைவிடப் பெரியதாக வெட்டுவார்கள். பெரியதைச் சிறியதற்குள் கையாலேயே அமைத்துத் தைப்பார்கள். அதனால் தோளின் விளிம்பில் சிறு சிறு சுருக்கங்கள் விழும். லண்டனில் பழகிய கண் அதைக் குற்றம் என்று சொல்லும். ஆனால் அந்தக் கோட்டை அணிந்தவன் கையைத் தலைக்குமேல் தூக்கினாலும் கோட்டு கழுத்தை விட்டு எழும்பாது. கையை ஆட்டாமல் ஒரு வாக்கியமும் பேச மாட்டாத நேப்பிள்ஸ்காரனுக்கு இது எத்தனை சௌகரியம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மார்பின் மேலுள்ள பை நேராக இராது, மேல்நோக்கி வளைந்திருக்கும். அதற்குச் "சிறு படகு" என்று பெயர். குடாக்கடலில் மிதக்கும் செம்படவர் படகைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? முன்புறம் மூன்று பொத்தான்கள். ஆனால் மேல் பொத்தானின் காஜா, காலர் மடிப்போடு சேர்ந்து புரண்டு கிடக்கும். பூட்டுவது நடுப் பொத்தானை மட்டுமே. இப்படிப் பிறந்த கோட்டை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். எடுத்து உதறினால் மறுபடியும் தன் உருவத்துக்கு வரும். கவசம் கவசமாக இருந்தவரை இது நடவாத காரியம்.

ஆங்கிலேயர் அனைவருமே விறைப்பை விரும்பினார்கள் என்று நாம் சொன்னால் அது நீதியாகாது. பிற்காலத்தில் விண்ட்ஸர் கோமகன் என்று அழைக்கப்பட்ட இளவரசருக்கு லண்டனிலேயே பிரெடெரிக் ஷோல்ட் என்ற டச்சுக்காரர் மென்மையான கோட்டுகளைத் தைத்துக் கொடுத்தார். நேப்பிள்ஸ்காரர்களின் கண் அந்தப் பக்கமும் இருந்தது. ஆனால் லண்டனில் அது ஓர் இளவரசரின் விருப்பமாக இருந்தது. நேப்பிள்ஸில் ஊர் முழுவதற்கும் வழக்கமாயிற்று. வெயில் அங்கே எல்லோருக்கும் பொது.

லண்டன் ஹவுஸின் புகழ் விரைவில் பரவியது. சினிமா நடிகரும் டைரெக்டருமான வித்தோரியோ டி ஸிகா அங்கே உடை தைத்துக்கொண்டார். 1948-இல் வெளியான "சைக்கிள் திருடர்கள்" என்ற படத்தில் ஏழைத் தொழிலாளியின் துயரத்தை உலகத்துக்குக் காட்டியவர் அவர். தம் உடையில் மட்டும் சிறு குறையும் பொறுக்க மாட்டாத கனவான். எழுத்தாளர் குர்ட்ஸியோ மாலபார்த்தேயும் அக்கடையின் வாடிக்கைக்காரர். இவர்கள் லண்டன் பாணியை நாடி வந்தார்கள். நேப்பிள்ஸ் பாணியை அணிந்து திரும்பினார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. இத்தாலியத் துறைமுகங்களில் மிகக் கொடிய குண்டுவீச்சுக்கு ஆளானவற்றுள் நேப்பிள்ஸ் ஒன்று. 1943-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 முதல் 30 வரை நான்கு நாட்கள் நகர ஜனங்களே தெருக்களில் நின்று ஜெர்மன் சேனையை எதிர்த்துப் போராடினார்கள். அக்டோபர் முதல் தேதி நேசப் படைகள் நகருக்குள் நுழைந்தன. பசியும் கள்ளச் சந்தையும் நிறைந்த ஊரில் கோட்டின் தோளைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? 1946 ஜூன் 2-ஆம் தேதி ஜனங்கள் வாக்களித்து முடியாட்சியையும் நீக்கினார்கள். அரசர் போனார், தையற்காரர் இருந்தார்கள். அழிந்த ஊரில் ஊசியும் நூலும் முதலில் எழுந்திருக்கும் தொழில்களில் ஒன்று என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

ஜென்னாரோ ருபினாச்சி 1961-ஆம் ஆண்டில் காலமானார். கடை இளம் பிராயத்தில் இருந்த அவருடைய புதல்வர் மரியானோவின் கைக்கு வந்தது. தந்தையைத் தேடி வந்த பெரிய மனிதர்கள் மகனையும் தேடி வருவார்களா என்பது அவர்முன் நின்ற கேள்வி. மரியானோவின் காலத்தில்தான் ஒரு முக்கியமான மாறுதல் ஏற்பட்டது. பலகையிலிருந்து லண்டன் நீங்கியது. குடும்பத்தின் பெயராகிய "ருபினாச்சி" அங்கே ஏறியது.

இதை வெறும் பெயர் மாற்றமாக நாம் கருதவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமுன் நேப்பிள்ஸ் கைத்திறமையை விற்பதற்கு லண்டனின் பெயர் வேண்டியிருந்தது. இப்போது வேண்டியிருக்கவில்லை. ஊர்வலமும் இல்லை, தீர்மானமும் இல்லை. அந்நியத் துணியைக் கொளுத்திய தீயும் இல்லை. மேஜைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த சில தையற்காரர்கள் கோட்டு கோட்டாகத் தைத்து அந்த நிலையை உண்டாக்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழும். துணி என்னவாயிற்று? உண்மையைச் சொன்னால், நேப்பிள்ஸ் தையற்காரர்கள் ஆங்கிலத் துணியைக் கைவிடவில்லை. பழைய ஆங்கிலத் துணிச் சுருள்களைப் பொக்கிஷம்போல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ருபினாச்சி குடும்பத்தாரின் பழந்துணிச் சேகரிப்பு அத்தொழிலில் உள்ளவர்களிடையே பிரசித்தம். துணியில் சுதேசியம் பேசியவர் வேறொருவர். இத்தாலியின் வட கோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், த்ரிவேரோ என்ற சிற்றூரில் எர்மெனெஜில்தோ ஸெஞ்ஞா என்பவர் 1910-ஆம் ஆண்டில் ஆலை தொடங்கினார். ஆங்கிலத் துணிக்கு இணையான துணியை இத்தாலியிலேயே நெய்து காட்டுவது என்பது அவருடைய சங்கல்பம். துணியின் ஓரத்தில் தம் பெயரையே நெய்து வைத்தார்.

ஆக, வடக்கே ஒருவர் துணியைத் தமதாக்கினார். தெற்கே சிலர் வெட்டைத் தமதாக்கினார்கள். கதரின் வழியே சுதேசியத்தைக் கற்ற நமக்கு முதலாவது எளிதில் விளங்கும். இரண்டாவதும் யோசிக்கத் தக்கதே. நம் நாட்டுத் துணியை வாங்கி அந்நியனுடைய தேகத்துக்கும் குளிருக்கும் ஏற்ற மாதிரி தைத்துக்கொண்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இப்போது கியாயா வீதிக்குள் நுழைவோம். அவ்வீதியில் பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட செல்லமாரே மாளிகை இருக்கிறது. ருபினாச்சி கடை குடியேறிய இடம் அதுவே. பிரபுக்கள் வாழ்ந்த வாசலில் தையற்காரர்களின் பெயர்ப் பலகை இருப்பது காலத்தின் மாறுதலைக் காட்டுகிறது.

இவ்வகைக் கடைகளில் ஒரு கோட்டு உருவாகும் விதத்தைக் கவனிப்போம். முதலில் அளவு எடுப்பவர் வாடிக்கைக்காரரை நிற்க வைத்து, நடக்க வைத்துப் பார்க்கிறார். எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, முதுகு எவ்வளவு கூனியிருக்கிறது என்பதெல்லாம் அளவு நாடாவுக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். பிறகு காகிதத்தில் உருவம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போடுகிறார்கள். வெட்டிய துண்டுகளை வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டு உடம்பில் மாட்டிப் பார்த்து, மீண்டும் பிரிக்கிறார்கள். இரண்டு மூன்று தடவை இவ்வாறு பிரிப்பதும் சேர்ப்பதுமாக இருக்கும். கான்வாஸை மேல் துணியோடு சேர்க்கக் கையால் போடும் சிறு தையல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் ஈரத்தையும் கொண்டு தட்டைத் துணியை மார்பைப் போல் குவிந்திருக்கச் செய்கிறார்கள். காஜாக்கள் பட்டு நூலால் கையினாலேயே எடுக்கப்படுகின்றன. இப்படித் தைக்கும் ஒரு கோட்டுக்கு ஐம்பது மணி நேரம் செல்வது சாதாரணம்.

இத்தொழிலாளரின் நடுவிரலில் உள்ள விரற்பூணைப் பார்த்தால் அதன் நுனி திறந்திருக்கும். விரல் நுனியால் அன்றி, விரலின் பக்கத்தால் ஊசியைத் தள்ளுவது தையற்காரர்களின் பழக்கம். இந்தச் சிறு பழக்கம் கைக்கு வரவே மாதக் கணக்காகும். பழைய தலைமுறைத் தையற்காரர்களில் பலர் எட்டு, ஒன்பது வயதிலேயே கடையில் சேர்ந்தவர்கள். நம் ஊர்க் கடைகளில் காஜா எடுத்துக்கொண்டு, டீ வாங்கி வந்துகொண்டு தொழில் கற்ற பையன்களைப் போலத்தான் அவர்களும்.

வின்சென்ட்ஸோ அத்தோலினி என்னவானார் என்று வாசகர்கள் அறிய விரும்பலாம். அவருடைய கலை அவர் குடும்பத்திலும் தழைத்தது. மகன் சேசரே அத்தோலினி தம் பெயரால் தனி நிறுவனம் கண்டார். சேசரேயின் புதல்வர்கள் மாஸிமிலியானோவும் ஜுஸெப்பேயும் அதைத் தொடர்ந்தார்கள். நேப்பிள்ஸுக்கு அடுத்து, தையற்காரர்களுக்குப் பெயர்போன கஸல்நுவோவோ என்ற ஊரில் அவர்களுடைய தொழிற்சாலை இருக்கிறது. "மகத்தான அழகு" என்ற பெயரில் 2013-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற இத்தாலியப் படத்தில் கதாநாயகர் அணிந்து வரும் கோட்டுகள் அங்கே தைக்கப்பட்டவை. புதிய கோட்டு பிறந்தது கடைக்காரரின் ரசனையாலா, தையற்காரரின் கையாலா என்ற கேள்விக்கு இரண்டு குடும்பங்களும் தத்தம் வரலாற்றில் விடை எழுதி வைத்திருக்கின்றன. நமக்குத் தோன்றுவது, இரண்டும் ஒரே அறையில் சந்தித்திராவிட்டால் எதுவும் பிறந்திராது என்பதே.

ஆனால் இவ்விரண்டு பெயர்களுக்கும் அப்பால் பெயரில்லாத கைகள் ஏராளம். நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்சட்டை தைப்பதும், பொத்தான் கட்டுவதும், காஜா எடுப்பதும் நெடுங்காலமாகப் பெண்கள் வீட்டில் இருந்தே செய்துவந்த வேலை. கூலி துண்டுக்கு இவ்வளவு என்று. கணக்கும் இல்லை, காப்பும் இல்லை. 2006-ஆம் ஆண்டில் ரொபெர்த்தோ ஸாவியானோ என்ற எழுத்தாளர் வெளியிட்ட "கொமோர்ரா" என்ற நூல், அப்பகுதியில் பதிவின்றி நடக்கும் தையற்கூடங்களைப் பற்றி உலகத்துக்கு எடுத்துரைத்தது. தன் கையால் தைத்த உடையை ஹாலிவுட் நடிகை ஒருவர் அணிந்திருப்பதைத் தொலைக்காட்சியில் கண்டு, அதைத் தான் தைத்ததாக ஒருவரிடமும் சொல்ல முடியாமல் நிற்கும் ஒரு தையற்காரரை அதில் காண்கிறோம். நாம் மேலே கண்ட குடும்பங்களைப் பற்றிய குற்றச்சாட்டு அன்று இது. எனினும் நேப்பிள்ஸ் தையலின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த மனிதரை மறந்துவிட்டுப் பேசலாகாது.

மற்றோர் அபாயமும் உண்டு. 1945-இல் ரோமாபுரியில் தொடங்கப்பட்டு, 1952-இல் பிளாரென்ஸ் நகரத்தின் பிட்டி மாளிகையில் ஆண்களுக்கான உடைகளை அணிவகுத்துக் காட்டிப் புகழ்பெற்ற பிரியோனி நிறுவனம், 2012-இல் பிரெஞ்சு முதலாளிகளின் வசமாயிற்று. மறு வருஷமே, கம்பளித் துணிக்குப் பேர்போன லோரோ பியானா நிறுவனத்தின் பெரும் பங்கும் வேறொரு பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போயிற்று. விலை கேட்டு வருகிறவர்கள் கடைப் பெயரை வாங்கலாம். ஆனால் கை வாங்கும் பொருள் அன்று. கைகள் வயதாகி ஓய்ந்தபின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன தைப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் சீரோ பாவோனே ஒருவர். துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த அவர், 1968-இல் கீத்தோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நேப்பிள்ஸை அடுத்த அர்ஸானோவில் தையற்காரர்களைப் பெருந்தொகையாக ஒன்றுசேர்த்தார். பண்டைக் கிரேக்கர் உடுத்திய கீத்தோன் என்னும் மேலாடையின் பெயரே நிறுவனத்தின் பெயர். பையன்கள் எட்டு வயதில் கடைக்கு வந்த காலம் போய்விட்டது. அது போனது நல்லதே. ஆனால் அவர்களுக்குப் பதிலாக யார் வருவார்கள்? அதற்காக 2001-ஆம் ஆண்டில் பாவோனேயின் நிறுவனம் ஒரு தையற் பள்ளியை ஏற்படுத்தியது. படிப்பு முடித்த வாலிபர்கள் அங்கே ஊசி பிடிக்கப் பழகுகிறார்கள். பாவோனே 2021-இல் காலமானார். நிறுவனத்தைக் குடும்பத்தாரே ஏற்று நடத்தலானார்கள்.

ருபினாச்சி வீட்டிலும் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. மரியானோவின் புதல்வர் லூக்கா தாத்தாவின் தோளையும் பையையும் விடாமல், இக்காலத்து இளைஞர் கண்ணுக்கேற்ற நிறங்களில் உடுத்திக் காட்டிப் பெயர் பெற்றார். மிலான் நகரில் கிளை ஏற்பட்டது. பிறகு லண்டன் மாநகரிலேயே, மௌண்ட் தெருவில், ருபினாச்சி என்ற பலகையோடு ஒரு கடை திறக்கப்பட்டது. லண்டனின் பெயரைக் கடன் வாங்கிப் பிழைப்பைத் தொடங்கிய குடும்பம், சொந்தப் பெயரோடு லண்டனுக்கே தைத்துக் கொடுக்கப் போன நாளை ஜென்னாரோ கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

நேப்பிள்ஸுக்குப் போகும் வாய்ப்பு வாசகர்களில் சிலருக்கேனும் கிடைக்கலாம். செல்லமாரே மாளிகையில் ஒரு கோட்டு தைத்துக்கொள்ளும் செலவு நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. ஆகையால் அதைச் சிபாரிசு செய்வதற்கில்லை. கியாயா வீதியில் மெதுவாக நடந்து, எதிரே வரும் முதியவர்களின் தோளைக் கவனித்தாலே போதும். கை சேருமிடத்தில் அந்தச் சிறு சுருக்கங்கள் தென்படும். அவற்றைத் தைத்த கைகளிடம் கற்றுக்கொள்ள அர்ஸானோப் பள்ளியில் இன்னும் எத்தனை ஆண்டுகள் வாலிபர்கள் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது, அவை நம் பேரர்கள் கண்ணிலும் படுமா என்பது.